முப்பத்தாறு படமும் முடிந்த பிறகு

கமராவின் படம் எண்ணும் கவுண்டர் முப்பத்தாறைக் காட்டியது. எடுக்க வந்த படத்தை நான் இன்னும் எடுக்கவேயில்லை!

யுத்த காலம் அது. திருகோணமலை ஸ்ரூடியோ ஒன்றில் வேலை செய்தேன். மகாவலி கங்கை பெருகி வடிந்திருந்தது. வடிந்த ஆறு பழைய வழியில் போகாமல், தோப்பூர்ப் பக்கம் றகுமா ராத்தாவின் வயலைப் பிளந்துகொண்டு ஓடியது. ராத்தா என்றால் அந்த ஊர் முஸ்லிம்களுக்கு அக்கா; அவர் கணவனை இழந்தவர். அந்த வயல்தான் அவருடைய சீவியம். மிச்சக் காணியின் எல்லைக்கல், இடிந்துகொண்டிருந்த புதுக் கரையின் விளிம்பில் நின்றது.

காணிக் கந்தோர் உத்தியோகத்தர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சண்டையால பாதை பூட்டு. காணி அளக்கிற சேவையர் இப்ப வர ஏலாது. கல்லும் வயலுக்கு அங்கால நிக்கிற பெரிய மருத மரமும் ஒரே படத்தில வேணும். கல்லு ஆத்துக்குள்ள போனாலும் படத்தை வைச்சு மரத்தில இருந்து அளக்கலாம். படமும் இல்லையெண்டால் அந்த மனிசிக்கு ஒண்டுமில்லை."

லோஞ்ச் படகில் மூதூருக்குப் போய், அங்கிருந்து தோப்பூருக்குப் போனேன். ஆமிச் சென்றியில் பாஸைப் பார்த்து கமராவை விட்டார்கள், அதை நிறுத்துகிற முக்கால் ட்ரைபொட்டை விடவில்லை. மோட்டார் குண்டு அடிக்கிற கால் என்று நினைத்தார்களோ தெரியாது, வாங்கி ஒரு மூலையில் சாத்திவிட்டார்கள்.

ராத்தாவோடு கரைக்கு வந்து நின்றேன். அடேயப்பா! அதுவரை கலியாண வீடும் அடையாள அட்டைப் படமுமாகக் கிடந்தவன் நான். கண்ணெட்டிய மட்டும் செம்மண் தண்ணீர், அதற்குள் வெள்ளி வெள்ளியாக வெளிச்சம், வேரோடு மிதந்து போகிற மரங்கள், அதில் குந்தியிருக்கிற கொக்குகள். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. சேற்றில் ஓடி ஓடி எடுத்தேன். குந்தியிருந்து எடுத்தேன், படுத்திருந்து எடுத்தேன்.

"தம்பி! சுறுக்கா வாங்க, கல்லு சரியுது!"

ராத்தா கத்திய பிறகுதான் கவுண்டரைப் பார்த்தேன்.

"ராத்தா, ஃபில்ம் முடிஞ்சுது."

"என்ன கத கதைக்கிறீங்க? எண்ட கல்லு?"

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாயிருந்தது. ஃபில்மை நகர்த்தும் லீவரைத் தள்ளிப் பார்த்தேன். நகர்ந்தது! ஃபில்ம் தட்டுப்பாட்டினால் நாங்கள் இருட்டறைக்குள் வைத்துத்தான் கமராவில் றோல் போடுவோம். முன்பக்கம் வெளிச்சம் பட்டு வீணாகாததால் சில வேளை ஒரு படம் கூடக் கிடைக்கும். அந்த ஒரு படம் எனக்குக் கிடைத்தது.

கல் பக்கத்தில், மரம் தூரத்தில். இரண்டும் தெளிவாக விழ, லென்ஸின் துவாரமான அப்பெச்சரைப் பதினாறுக்குச் சுருக்கவேண்டும். அதற்குள் மழை இருட்டியும்விட்டது; ஷட்டர் மெதுவாகத்தான் போகும், கமரா அசைந்தால் படம் கலங்கிவிடும். ட்ரைபொட் இல்லை.

"ராத்தா, உங்கட தோளில கமராவை வைக்கப்போறன். மூச்சு விடாதேங்கோ."

"வைங்க. மூச்சு எப்பவோ நிண்டு போச்சு."

கிளிக். அன்று பின்னேரமே கல் ஆற்றுக்குள் போய்விட்டது.

ஸ்ரூடியோவில் ஃபில்மைக் கழுவும்போது, சுருள் முனையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது எங்கள் வழக்கம். இருட்டில் கத்தரிக்கோலை வைத்தும்விட்டேன். அப்போதுதான் நினைவு வந்தது: அந்த முனையில்தான் முப்பத்தேழாவது படம்! கத்தரிக்கோலை எறிந்துவிட்டு, ஃபில்மைச் சுருளோடு ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் மெல்ல மெல்ல உரித்தேன். நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தால் கல்லும் மரமும் துல்லியமாக விழுந்திருந்தன. டார்க் றூமுக்குள்ளேயே துள்ளிக் குதித்தேன்.

உத்தியோகத்தர் படத்தைப் பார்த்து, "இது காணும், இனி அளக்கலாம்" என்று சொல்லி ஃபைலில் வைத்தார். கந்தோருக்கு வந்திருந்த ராத்தா அழுதார், சிரித்தார், எனக்காக இறைவனிடம் துஆச் செய்தார். நானும் சும்மா இருக்காமல், மற்ற முப்பத்தாறு படங்களையும் பெருமையோடு மேசையில் பரப்பினேன்.

ராத்தா ஒவ்வொன்றாகப் பார்த்தார். தண்ணீருக்கு மேல் கறுப்பாகத் தெரிந்த ஒரு புள்ளியில் விரலை வைத்தார்.

"இது எண்ட வயல் வாடிட கூரை. நெல்லெல்லாம் இதுக்குள்ளதான் கிடந்த." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வடிவாத்தான் எடுத்திரிக்கீங்க தம்பி."

அவர் குத்திச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் போனது. அதற்குப் பிறகு, எவ்வளவு வடிவான இடமானாலும், இது ஆருடைய காணி என்று கேட்டுவிட்டுத்தான் லென்ஸ் மூடியைக் கழற்றுவேன்.