வேலை போன பிறகும் உயிரோடிருந்த கார்டு

வேலையை விட்டதற்கு நான் சபையில் சொன்ன காரணம், தேவ அழைப்பு. உண்மைக் காரணம், பஞ்சு லாரி தாமதமானதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தில் மில் மேனேஜர் மூன்று உவமைகளை அடித்துவிட்டார். தொண்ணூற்றெட்டு டிசம்பரில், கோவில்பட்டி மில் ஆபீஸ் வேலையை நான்கு பக்க ராஜினாமாவோடு முடித்தேன். அவர் கடைசி வரியை மட்டும் படித்துக் கையெழுத்துப் போட்டார். அதுவும் வலித்தது.

பிப்ரவரியில் துணி அலசிக்கொண்டிருந்த என் மனைவி எஸ்தர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பல மாதமாக உதிரப்போக்கு. என்னிடம் சொல்லவில்லை. கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். தனியார் ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. மில்லில் இருந்தவரை இ.எஸ்.ஐ. கார்டைக் காட்டினால் குடும்பத்துக்கே இலவச வைத்தியம். வேலையோடு கார்டும் செத்தது என்றே நினைத்தேன். வெளுத்துப்போன அவள் உதட்டைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஜெபித்தேன். ஆனால் எல்லாம் மேனேஜரைப் பற்றிய புகார். சங்கீதத்தில் சத்துருக்களுக்கு விரோதமான வசனங்களாகப் பொறுக்கி ஆண்டவருக்கே நினைவூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம், பாயில் படுத்திருந்த எஸ்தர் மெதுவாகச் சொன்னாள்:

"அவியளை ஏசி முடிச்சாச்சுன்னா, எனக்காவும் ஒரு வார்த்தை கேளுங்களேன்."

அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். ஆண்டவரே, இவளைக் காப்பாற்றும், என் வீம்பை எடுத்துப்போடும். அவ்வளவுதான் ஜெபம். எழுந்தபோது ஒன்று தெளிவாக இருந்தது: அந்த மனிதரிடமே போய் வேலையைத் திரும்பக் கேட்க வேண்டும்.

மறுநாள் அவர் முன்னால் நின்றேன். "சார், எந்த வேலைன்னாலும் சரி. வீட்ல அவளுக்கு ஆபரேஷன். கார்டு வேணும்."

"உம்ம இடத்துக்கு ஆள் போட்டாச்சுவே."

திரும்பி நடந்தேன்.

"ஓய், நில்லும். கார்டுக்கு வேலை எதுக்கு? நீர் முன்னால கட்டின சந்தாவுக்கு ஜூன் வரைக்கும் செல்லும். வீட்டுக்காரிக்கும் சேத்துத்தான். நேரா டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போம்."

ஒரு சான்றும் எழுதித் தந்தார். அதில் உவமை ஒன்றுகூட இல்லை; டிஸ்பென்சரியில் உடனே புரிந்துகொண்டார்கள்.

மார்ச்சில் திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. கண் திறந்ததும் எஸ்தர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். பேசவில்லை. நானும் பேசவில்லை, என் விஷயத்தில் அதுவே ஓர் அற்புதம். இன்று அவள் தண்ணீர்க்குடம் தூக்குகிறாள், தடுத்தால் ஏசுகிறாள். அந்த ஏச்சுக்காக தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். யார்மேல் கசப்போ, அவர் பெயரைச் சொல்லித்தான் இப்போது ஜெபத்தையே தொடங்குகிறேன்.

அன்பானவர்களே, ஆண்டவரிடம் வழக்காட வேண்டியதில்லை. தேவையைச் சொல்லுங்கள். அவர் யாரிடம் அனுப்புகிறாரோ, கூச்சப்படாமல் போங்கள்.

எஸ்தர் வீடு திரும்பிய பிறகு கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனேன். "சார், கர்த்தர்தான் உங்க வாயில அந்த வார்த்தையை வச்சாரு" என்றேன்.

அவர் போளியை மென்று முடித்தார்.

"அது ரெண்டாந்தடவைவே. நீர் வேலையை விட்டுட்டுப் போன அன்னைக்கே கார்டு செல்லும்னு சொன்னேன். நீர்தான் காதுல வாங்காம கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனீரு."