தொடாத கண்

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு ஓடிவந்தவன் இங்கே வந்து துவக்குக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறான் என்று அம்மா தன் தம்பியைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் மாமா மலைக்காட்டிலிருந்து கொண்டுவரும் மரைமான் இறைச்சியை மிளகு போட்டுப் பிரட்டும்போது அந்த நக்கல் எங்கே போகுமோ தெரியாது. வெரிபீ என்ற இந்தப் புறநகரில் எங்கள் தெரு முழுக்க வாசம் போகும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. என்னையும் வேட்டைக்குக் கூட்டிப்போகச் சொல்லி மூன்று மாதம் மாமாவை அரித்தெடுத்தேன். ஒருவழியாகச் சம்மதித்தார். காரில் ஏறியதும் அடுத்த நச்சரிப்பைத் தொடங்கினேன்: விழுந்த மரை செத்துவிட்டதா என்று பார்க்கும் வேலையை எனக்குத்தான் தர வேண்டும்.

“முதுகுப் பக்கத்தாலை போகோணும் பிள்ளை. நீட்டுத் தடியாலை கண்ணைத் தொடு. சிமிட்டினா உயிர் இருக்கு, உடனை விலகு. நான் துவக்கோடை பின்னாலை நிப்பன். சுட்டதை வதைக்கக் கூடாது, விளங்கிச்சோ?”

“ஓகே மாமா, ஓகே” என்றேன். பாதிதான் காதில் ஏறியது.

காற்றுக்கு எதிராக ஒரு மணி நேரம் பதுங்கிப் பதுங்கி நடந்தோம். பன்னம் என்கிற பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண் மரை நின்றது. ஒரே வெடி, விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு முதுகுப் பக்கமாகப் போனோம். மாமா துவக்கை நீட்டியபடி நின்ற இடத்திலிருந்து அதன் முகம் தெரியாது.

நான் தடியோடு எட்டிப் பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன. போன மாதம்தான் பெரியப்பாவின் செத்தவீட்டில் அவரைப் பெட்டிக்குள் பார்த்திருந்தேன். அவரும் இப்படித்தான் கண்மூடிக் கிடந்தார். பெரியப்பாவின் கண்ணை யாரோ மூடிவிட்டிருந்தார்கள் என்பதும், செத்த மிருகத்தின் கண் திறந்தே கிடக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. செத்துத்தான் விட்டதே, பிறகென்ன தொடுவது? உண்மையில் கிட்டப் போகவே எனக்குப் பயம். பக்கத்துப் புல்லில் தடியால் ஒரு குத்துக் குத்திவிட்டுத் திரும்பினேன்.

“தொட்டனான் மாமா. அசையேல்லை.”

மாமா தோட்டாவைக் கழற்றி, துவக்கை மரத்தில் சாத்திவிட்டுக் கத்தியை எடுத்தார். மரை எழுந்தது. தடுமாறி, என்னைக் கடந்து, பள்ளத்துக்குள் பாய்ந்தது. அவர் துவக்கைத் திரும்ப எடுப்பதற்குள் செடிகள் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

பின்னேரம் வரை இரத்தத் துளிகளைத் தேடிப் போனோம். பிறகு மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டது. அந்த உயிர் எங்கோ கிடந்து எவ்வளவு நேரம் துடித்ததோ. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பும் வழியில் மாமா ஒருதரம்தான் கேட்டார்.

“கண்ணைத் தொட்டனி தானே?”

“ஓம் மாமா.”

“அப்ப சரி.”

வீட்டில் அம்மா வெறும் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்து நக்கலடித்தார். குறி தவறிப்போச்சு என்று மாமா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை தனியாகப் போய்த் தேடி, வெறுங்கையோடு வந்தார்.

அவர் என்னை நம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி. கண்ணில் தடி பட்டிருந்தால் உயிருள்ள எந்த மரையும் சும்மா கிடக்காது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? நான் வாய் திறப்பேன் என்று அந்த நெடும் பாதை முழுக்க அவர் காத்துக்கொண்டே கார் ஓட்டினார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.