நூறு எண்ணி முடிக்கும்வரை

போன வாரம் மலையாள ஊரான கழக்கூட்டத்தில், எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் எனக்குக் கடுங்கோபம் வந்தது. கோபத்தைக் கிளப்பியவர் ஒரு பாவமும் அறியாத பயிற்சியாளர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆண்டுவிழா ஓட்டப்பந்தயத்துக்கு எங்களைத் தயார் செய்ய வந்திருந்தார். எங்களை என்றால், நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பைத் தொலைத்த இருபது பேரை. நான் பழைய நினைப்பில் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்து, மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். இந்த வயதிலும் எனக்கு அது வரும். வேறு எதுவும் வராது.

"சேச்சி, ஓடறதுக்கு முன்னாடி அப்படி ரொம்ப நேரம் பிடிச்சு இழுக்கண்டா கேட்டோ. தசை தளர்ந்து போயிரும், காலுக்கு வேகம் கிட்டாது. சும்மா துள்ளுங்க, காலை வீசுங்க. உடம்பு சூடானாப் போதும். இழுக்கறதெல்லாம் ஓடி முடிச்சிட்டு, மெதுவா."

"அப்போ குனிஞ்சு தரையைத் தொட முடியாதவங்க?"

"அதுக்கென்ன சேச்சி? ஓட்டக்காரங்களுக்குக் கொஞ்சம் விறைப்பு இருக்கறது நல்லதாக்கும். ஸ்பிரிங் மாதிரி."

சாயங்காலம் மழை வரும் என்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைச் சொல்ல இத்தனை வருஷமா? அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் யாரோ முட்டியில் வலி ஸ்பிரே அடித்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குத் தும்மல் வரவில்லை, பள்ளித் தோழி செல்வியின் தும்மல்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் அப்பாவுக்கு ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்தக் கடை. கடைக்கு மேலேயே வீடு. என் யூனிஃபார்மை எத்தனை முறை துவைத்தாலும் மிளகாய் நெடி போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் யோசிப்பார்கள். யோசிக்காமல் உட்கார்ந்தவள் செல்வி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் மகள். சாஸ்தமங்கலத்தில் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக்கு அடியிலேயே தகர ஷெட்டில் குடியிருந்தார்கள். அவள் ஓடினால் நாங்களெல்லாம் நிற்பதுபோல இருக்கும்.

ஆனால் அவளால் குனிய முடியாது. முட்டி மடங்காமல் குனியச் சொன்னால் விரல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றுவிடும். எங்கள் டிரில் சாருக்கு அது பெரிய மானப் பிரச்சினை. குனிந்து தரையைத் தொட முடியாதவர் காலில் ஓட்டம் தங்காது என்பது அவர் வேதம். எந்தப் பந்தயத்திலும் கடைசியாக வருகிற நான் அநாயாசமாகத் தரையைத் தொட்டதால் என்னை லீடர் ஆக்கினார். கடைசியாக வருகிறவளை ஓட்டத்துக்கு லீடர் ஆக்கியதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெருமை தாங்கவில்லையே எனக்கு!

என் வேலை இதுதான். செல்வி காலை நீட்டி உட்கார்ந்து குனிவாள். நான் அவள் முதுகின் மேல் ஏறிப் படுத்து அமுக்கிக்கொண்டு நூறு வரை எண்ண வேண்டும். நடுவில் எழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. என் மிளகாய் நெடியில் அவள் அடுக்கடுக்காகத் தும்முவாள்.

"ஏட்டி, ஒங்கப்பா கடையத் தூக்கி எம்முதுகுல வச்சிருக்கியே," என்பாள். இரண்டு பேரும் சிரிப்போம். சிரிப்பில் எண்ணிக்கை தவறி மறுபடி ஒன்று.

அவளுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. ஓடுவதற்கு முன் நின்ற இடத்திலேயே நாலு துள்ளல், பிறகு வலது காலை ஒரு வீச்சு, இடது காலை ஒரு வீச்சு. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. சாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "எந்தா நீ, ஆட்டுக்குட்டியோ? அடங்கி நில்லு அவிடே," என்று கத்துவார்.

அந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுத்தார்கள். அடுக்குமாடி முடியப்போகிறது, அவள் அப்பாவுக்கு அடுத்த வேலை எந்த ஊரிலோ. "எடம் கெடச்சா மூணு நேரமும் சோறுட்டீ. அவுங்க எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நான் பள்ளிக்கூடம் மாற வேண்டாம்," என்று செல்வி சொன்னாள். ஏற்கெனவே நாலு ஊர்ப் பள்ளிக்கூடம் மாறியவள்.

தேர்வு அன்று காலையிலும் ஏறிப் படுத்தேன். முப்பதோ நாற்பதோ எண்ணியிருப்பேன். "பின்தொடையில சுருக்குன்னு இழுக்குட்டீ. எந்திரி."

நான் சாரைப் பார்த்தேன்.

"மடியாணு அவளுக்கு. சோம்பேறி. நீ நூறும் எண்ணு."

எண்ணினேன். வேகமாக எண்ணியிருக்கலாம், நடுவில் பத்தைத் தாவியிருக்கலாம். லீடர் அல்லவா, ஒன்றுகூட விடவில்லை. அன்றைக்கு அவள் தும்மவேயில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

ஓட்டத்தில் பாதித் தூரம் வரை அவள்தான் முன்னால். பிறகு தொடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டி, கோட்டுக்கு வெளியே போய் விழுந்தாள். சார் ஓடிவந்து அவள் காலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீ சரியா அமுக்கினியா?"

"அமுக்கினேன் சார். அவதான் சரியா குனியலை."

அவள் தரையில் கிடந்தபடியே என்னைப் பார்த்தாள்.

இழுத்ததால் தசை கிழிந்ததா, கிழிந்திருந்ததை நான் அமுக்கி மேலும் கிழித்தேனா, தெரியாது. அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். வேண்டாம். தெரியாதது குற்றமில்லை. வலிக்கிறது என்று சொன்னவளைச் சோம்பேறி என்றதற்கு எந்த விஞ்ஞானம் வர வேண்டியிருந்தது? அவள் உடம்புக்குத் தெரிந்ததை ஆட்டுக்குட்டி என்றார் அந்த மனிதர். அவருக்கு நல்லாசிரியர் என்று பெயர். எனக்கு லீடர் என்று பெயர். நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

செல்விக்கு ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த பரீட்சைக்கு முன்பே அவள் வீட்டார் ஊர் மாறிப் போய்விட்டார்கள். பள்ளி மைதானம் இப்போது கார் நிறுத்துமிடம். அப்பாவின் கடையில் யாரோ செல்போன் உறை விற்கிறார்கள். செல்வியின் அம்மா கல் சுமந்த அடுக்குமாடி மட்டும் புதுப் பெயின்ட்டில் நிற்கிறது.

பயிற்சியாளர் விசில் ஊதினார். இருபது பேரும் துள்ளினோம். நாலு துள்ளல், வலது காலை ஒரு வீச்சு, இடது காலை ஒரு வீச்சு. எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது, ஸ்பிரே என்று சொல்லிச் சமாளித்தேன். நீ சரியாகத்தான் குனிந்தாய், நான்தான் பொய் சொன்னேன் என்று அவளிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்றுதான் தெரியவில்லை.