கடைக்கு மட்டும் போதுமான பிரெஞ்சு

1. மூன்று மேத்தர்

மலாயாவில், ஈப்போ கடைத்தெருவில் நான் முதன்முதலாகப் பிரெஞ்சு பேசியது ஒரு சண்டைக்கு நடுவில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம். லகாட் பக்கம் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு பிரெஞ்சு என்ஜினியர் வீட்டுக்கு ஆயாவாகப் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தேன். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருடைய மனைவியை மதாம் என்று கூப்பிடுவேன். மதாமுக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை கிடையாது. அதனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதோடு, கடைக்குப் போனால் பேசுவதும் என் வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

துணிக்கடை காதர் பாயுடையது. மதாம் ஒரு பூப்போட்ட சீட்டித் துணியைக் காட்டி, "த்ருவா மேத்ர், சில் வு ப்ளே" என்றார். "மூணு கெஜம் வேணுமாம்" என்றேன். பாய் அளந்து வெட்டினார். மதாம் தன் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டு முகம் சிவந்து கத்தினார். அதில் திருடன் என்ற வார்த்தையும் இருந்தது.

"என்னா தங்கச்சி சொல்றாங்க துரைசாணி?" என்றார் பாய்.

திருடனை நான் விட்டுவிட்டேன். "ஒரு சாண் கொறையுதாம் பாய்."

"கெஜக்கோல் அந்தா இருக்கு, பாக்கச் சொல்லு. வெட்டுன துணிய ஒட்டவா முடியும் லா?" என்றார், அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் பேச்சில் போடும் 'லா'வைச் சேர்த்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேத்தர் என்கிற மீட்டர் வேறு, கெஜம் வேறு. மேத்தர் கொஞ்சம் நீளம். இரண்டு பேர் மீதும் தப்பில்லை, தப்பு நடுவில் நின்ற என்மீது. அதை இரண்டு பாஷையிலும் சொன்னேன். பாய் அதே சீட்டியில் வேறு துண்டு எடுத்து ஒரு சாண் கூட்டி வெட்டிக் கொடுத்தார். பல வருஷம் கழித்து இன்று கடையில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: விலையைக் கேட்பதற்கு முன்னால் அளவைக் கேளுங்கள்.

2. பாய் கற்றுக்கொண்டது

சுரங்கத்தில் இன்னும் சில பிரெஞ்சுக் குடும்பங்கள் இருந்தன. பினாங்கில் கப்பல் நிற்கும் நாட்களில் ரயிலேறி ஊர் பார்க்க வருகிறவர்களும் உண்டு. "அவங்க வந்தா நான் ஊமை மாதிரி நிக்கிறேன். நாலு வார்த்த சொல்லிக் குடு தங்கச்சி" என்று பாய் கேட்டார். சனிக்கிழமைதோறும் மதாம் துணி புரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் சொல்லிக் கொடுத்தேன்.

'செ கொம்பியான்' என்றால் என்ன விலை. 'செ த்ரோ ஷேர்' என்றால் விலை அதிகம். "நம்ம மலாயில மஹால்னு சொல்றோமே, அதா?" என்று கேட்டுக்கொண்டார். 'ஜெ ரகார்த் செல்மான்' என்றால் சும்மா பார்க்கிறேன். 'செ தூ' என்றால் அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம்.

"இந்தக் கடைசி ரெண்டும் எனக்கு வேணாம் லா" என்று சிரித்தார் பாய்.

வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசியது அந்த ஒரு மணி நேரம்தான். பங்களாவில் சமையல்காரர் சீனர். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது பத்துப் பதினைந்து மலாய் வார்த்தைகள். மதாம் பேசுவார், ஆனால் எல்லாம் கட்டளை: தண்ணீர் கொண்டு வா, ஜன்னலை மூடு. சுரங்கத்துக் கூலிக் குடியிருப்பான லயத்துத் தமிழ்ப் பெண்கள் என் கவுனையும் செருப்பையும் பார்த்து, நான் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் நானாகவே போய் உட்கார்ந்தேன். "துரைசாணி தேடப் போறாங்க, போங்கம்மா" என்றாள் ஒருத்தி. மரியாதையாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

குழந்தை ஒதீல் மட்டும் என்னோடு தமிழ் பேசினாள். நான் வந்தபோது கைக்குழந்தை, இப்போது அவளுக்கு மூன்று வயது. தாய்ப்பாஷைக்கு முன்னால் என் பாஷை அவளுக்கு வந்துவிட்டது. தூங்கும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள்.

3. கம்பளித் துணி

என்ஜினியருக்கு வேலை ஒப்பந்தம் முடிந்தது. பிரான்சுக்குத் திரும்புகிறோம் என்றார் மதாம். "நீயும் வருவாய், உன்னை விட்டு ஒதீல் இருக்கமாட்டாள்" என்று முன்பே பலமுறை சொல்லியிருந்தார். எனக்குப் புதுச்சேரியிலும் யாரும் இல்லை. கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். போகிற இடத்தில் குளிரும் என்று நினைத்துக்கொள்வதுகூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பயணத்துக்குக் கம்பளித் துணி வாங்கப் பாய் கடைக்குப் போனோம். என்ஜினியருக்குச் சாம்பல் நிறம், மதாமுக்கு நீலம், ஒதீலுக்குச் சிவப்பு. ஒவ்வொன்றாகப் பேரம் பேசி, மேத்தரைக் கெஜமாக்கிச் சொன்னேன். பாய் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு எத்தன கெஜம் தங்கச்சி? அங்க எலும்பு வரைக்கும் குளிருமாம்."

நான் மதாம் பக்கம் திரும்பினேன். "ஏ பூர் முவா, மதாம்?" எனக்கு?

மதாம் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நோன். செ தூ" என்றார்.

பாய்க்கு நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை அது. அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் என் வேலையை நான் செய்தேன். "போதுமாம் பாய், கட்டிடுங்க" என்றேன். அவர் கட்டினார். பொட்டலங்களை நான் தூக்கிக்கொண்டேன்.

காரில் வரும்போது மதாம் சொன்னார். அங்கே மாமியார் ஒரு தாதியை ஏற்பாடு செய்துவிட்டாராம். எனக்குப் புதுச்சேரிக்குச் சீட்டு எடுத்துத் தருவாராம். "முன்பே சொல்லியிருக்கவேண்டும்" என்றார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒதீல் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

4. ஸ்டேஷன்

சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஈப்போ ஸ்டேஷனில் ஒதீலை ஜன்னல் வழியாகத் தூக்கிக் கொடுத்தேன். "நீயும் ஏறு" என்றாள் தமிழில். மதாமுக்கு அது புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டார். போய் வருகிறேன் என்று சொல்கிறாள் என்றேன்.

ரயில் போனதும் நேராகப் பாய் கடைக்கு நடந்தேன். என் தகரப் பெட்டியைப் பார்த்துவிட்டு அவர் காரணம் கேட்கவில்லை.

"கடைக்கு முன்னால பொம்பளய நிறுத்துனா சனங்க ஒரு மாதிரி பேசும் லா. பின்னால தையல் மிசின் இருக்கு, ஒக்காரு. வெள்ளைக்காரங்க வந்தா முன்னால வா."

அப்படித்தான் சேர்ந்தேன். ஈப்போவிலேயே புந்தோங் பக்கம் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். மிசின் சத்தத்தில் பகல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். அதற்குப் பழகிக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று. முழுதாகப் பழகினேன் என்று சொல்லமாட்டேன். பிரெஞ்சு பேசுகிறவர்கள் மாதத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். என்ன விலை, அதிகம், சும்மா பார்க்கிறேன். அந்த அளவு பாஷைதான் என்னிடம் கடைசிவரை தங்கியது.

பிறகு ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார், கூடவே பொட்டலம் தூக்கிக்கொண்டு, அந்த ஊரில் ஆமா என்று கூப்பிடும் வயதான சீன வேலைக்காரி. அம்மாள் வாங்கி முடித்ததும் நான் அந்த ஆமாவைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டேன். நான் யாரைக் கேட்கிறேன் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு பொட்டலங்களைக் கீழே வைத்தாள். நிதானமாகக் கடை முழுவதையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, ஒரு கறுப்புப் பட்டுத் துணியின் ஓரத்தைத் தொட்டு, விலை கேட்டாள்.

விற்பனை வேலைக்கு வரும் பெண்களே, வார்த்தைகளை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். கடைக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று பார்த்து, அத்தனை பேரிடமும் கேளுங்கள்.