ஆரின் வாசெக்கின் பேட்டாக் கணக்கு

ஆரின் வாசெக் இருபத்தொன்பது வருஷமாகத் தன் வருமான வரிக் கணக்கைத் தானே எழுதினான். ஜனவரி கடைசியில், லாரியின் ஸ்டியரிங் மேல் ஒரு பலகையைப் போட்டு, பென்சிலால் எழுதுவான். பன்னிரண்டு காப்பி டப்பா, மாசத்துக்கு ஒன்று. டீசல் ரசீது, டயர் ரசீது, பாலத்துக்குக் கட்டின சுங்கம் எல்லாம் அதற்குள். கூட்டலில் ஒரு சென்ட் பிசகாது. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் தொழில் வரிக் கணக்கு எழுதுவது. கிராண்ட் ஐலண்ட் ஊரில் நெடுஞ்சாலை ஓரம், டயர் கடைக்கும் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடைக்கும் நடுவில் என் ஆபீஸ். வருகிறவன் முக்கால்வாசி லாரிக்காரன். ஆரினும் நானும் ஒரே பள்ளிக்கூடம். காப்பி குடிக்க வருவான், என் கண்ணாடிக் கதவைத் தட்டிக் கையாட்டுவான், உள்ளே மட்டும் வர மாட்டான்.

"கூட்டிக் கழிக்க நானூத்தம்பது டாலரா? நீ பகல் கொள்ளக்காரி, மாவிஸ்" என்பான்.

"பல்லு வலிச்சா நீயே புடுங்கிக்குவியா?" என்று கேட்பேன்.

"ரெண்டு புடுங்கியிருக்கேன்" என்று வாயைத் திறந்து காட்டுவான். இப்படிப்பட்டவனிடம் என்ன பேச?

அவன் வாழ்க்கையை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவின் சோளக்காடு கடனில் போனது. இருபத்திரண்டு வயதில் பிறத்தியார் லாரியில் ஏறினான், நாற்பதில் சொந்த லாரி வாங்கினான். ஆறு வருஷம் முன்னால் பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனாள். மாசத்தில் நாலு ராத்திரி தூங்கவா ஒரு வீட்டுக்கு எண்ணூறு டாலர் வாடகை என்று அந்த வாடகை வீட்டையும் காலி செய்தான். தட்டுமுட்டுச் சாமானை அக்கா லூவெல்லா வீட்டு ஷெட்டில் போட்டான். தபால் அக்கா வீட்டுக்கு வரும். மற்றபடி சக்கரம் நாலு திசையும் உருண்டது.

போன மார்ச்சில், எனக்குத் தலையைச் சொறிய நேரமில்லாத மாசத்தில், அவன் என் கதவைத் திறந்து உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றியிருந்தான். ஆரின் தேவாலயத்தில்கூடத் தொப்பியைக் கழற்ற யோசிப்பான்.

வரித்துறைக் கடிதம். மூன்று வருஷத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும், எல்லாக் காகிதத்தோடும் ஓமஹா ஆபீசுக்கு வா என்று இருந்தது.

"வரட்டும்னு பாத்தேன். என் கணக்குல ஒரு ஓட்ட இருந்தா காட்டு பாக்கலாம்" என்றான். சொன்னானே ஒழிய, குரல் சுரத்தில்லாமல் இருந்தது.

புரட்டினேன். மூன்றாவது நிமிஷத்தில் கை நின்றுவிட்டது. சாப்பாட்டு பேட்டா. சொந்த லாரிக்காரன் வெளியூரில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் சாப்பாட்டுக்கென்று ஒரு தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எல்லா லாரிக்காரனும் கழிப்பான். ஆரின் வருஷத்துக்கு முந்நூற்று நாற்பது நாள் கழித்திருந்தான்.

"ராத்திரி எங்க தூங்குற, ஆரின்?"

"வண்டியில."

"லீவு நாள்ல?"

"வண்டியிலதான். அக்கா வீட்டு வாசல்ல நிறுத்திக்குவேன். கிறிஸ்துமஸ்னா சோபா."

"அக்காவுக்கு வாடகை தர்றியா?"

"அவ வாங்குவாளா? அடிக்க வருவா."

நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். "டேய், வீட்ட விட்டு வெளிய போனவனுக்குத்தான்டா பேட்டா. வீடே இல்லாதவன் எங்க போனாலும் வெளியூர் போனதா ஆகாது. சட்டம் அப்படித்தான் சொல்லுது."

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். "என்ன பேசுற? நாலு நாள் வீட்ல கெடக்கறவனுக்கு பேட்டா உண்டு, வருஷம் பூரா ரோட்ல கெடக்கறவனுக்குக் கெடையாதா? கடையில உக்காந்து எல்லாவனும் சொன்னானே, வண்டியில தூங்குற ஒவ்வொரு ராத்திரிக்கும் போடுன்னு!"

"அவனுங்களுக்கெல்லாம் எங்கயோ ஒரு அடுப்பு எரியுது. அதுக்கு அவனுங்க காசு கட்டுறானுங்க. வெளிய சாப்பிடறது அவனுக்கு ரெண்டாம் செலவு. உனக்கு அதுதான் ஒரே செலவு."

அவன் சிரிப்பு அப்படியே உதிர்ந்தது. எனக்கே அந்தச் சட்டத்தின் மேல் எரிச்சல் வந்தது. ஆனால் என் எரிச்சலை வைத்து அவன் வரியைக் கட்ட முடியுமா? கணக்குப் போட்டேன். மூன்று வருஷத்து வரி, அபராதம், வட்டி. இருபதாயிரம் டாலர் பக்கம் வந்தது.

இஞ்சின் பிரித்துக் கட்டினதற்கு லாரியின் மேல் ஏற்கெனவே கடன். இன்னொரு கடன் எவனும் தர மாட்டான். இருபதாயிரம் வந்து விழுந்தால் லாரியை விற்க வேண்டியதுதான். லாரி போனால் பிழைப்பு போச்சு, படுக்கிற இடமும் போச்சு. ஐம்பத்தொரு வயதில் அவன் எங்கே போவான்? இதை நான் சொல்லவில்லை. அவனுக்குக் கூட்டல் நன்றாகவே வரும்.

இரண்டு நாள் கழித்து லூவெல்லா வந்தாள். ஒரு தட்டு கொலாச்சே, பழம் வைத்த இனிப்பு ரொட்டி, மேலே துணி மூடி. அதன் அடியில் ஒரு மஞ்சள் ரசீதுப் புத்தகம்.

"மாசம் முந்நூத்தம்பது டாலர் ரூம் வாடகை. மூணு வருஷத்துக்கும் எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன்" என்றாள்.

புரட்டினேன். முப்பத்தாறு ரசீது, ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான்.

"லூவெல்லா, இது சிக்கினா உன் தம்பிக்கு அபராதமே வரியில முக்கால் பங்கு ஆயிடும். ஜெயில்கூட இருக்கு. என் லைசென்ஸும் போயிடும்."

"உன் லைசென்ஸக் கொண்டு போய்க் குப்பையில போடு! அவன் என் தம்பி. ரூம் நெஜமாவே இருக்கு. கட்டில் இருக்கு, போர்வை இருக்கு. அவன் வந்து படுக்கல, அது என் தப்பா?" முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். தட்டை விட்டுவிட்டு ரசீதுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆரினைக் கூப்பிட்டுக் கறாராகச் சொன்னேன். "உனக்காகப் பேச எனக்கு அதிகாரம் எழுதிக் குடுத்திருக்க. நீ ஓமஹாவுக்கு வராத. கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி மாட்டிக்குவ. நான் தனியா போறேன்."

"என் கணக்கு. நான் எழுதினது. நான் வருவேன்."

"அக்கா எழுதின அந்த வாடகை ரசீத நீ வெளிய எடுத்தா, அந்த நிமிஷமே நான் எழுந்து போயிடுவேன். தெரிஞ்சுக்க."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

நான் வெறுங்கையோடு போகவில்லை. ஒரு வாரம் அந்தக் காப்பி டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு அலசினேன். மடையன் எவ்வளவோ விட்டிருந்தான்! கைக்காசில் கட்டின மருத்துவக் காப்பீட்டை அவன் கழிக்கவே இல்லை. தார்ப்பாய், சங்கிலி, லாரிக்கான போன் பில், ஒன்றும் இல்லை. பென்சிலைச் சீவத் தெரிந்தவனுக்கு எதையெல்லாம் கழித்துக் கேட்கலாம் என்று தெரியவில்லை. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து வரியில் மூவாயிரத்து ஐந்நூறு குறைகிற மாதிரி தேற்றினேன்.

ஓமஹாவில் அதிகாரியின் பெயர் நீனா டில்மன். நாற்பது வயது இருக்கும். சத்தம் போடாத மனுஷி. எனக்கு அப்படிப்பட்டவர்களிடம்தான் பயம். ஆரின் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். நெஞ்சுப் பையில் மஞ்சள் விளிம்பு எட்டிப் பார்த்தது. பாவி, கொண்டு வந்துவிட்டான். மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு மணி நேரம் டீசலிலும் டயரிலும் போயிற்று. அந்தம்மா ரசீதுகளைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் கண்டுபிடித்த கழிவுகளையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். பிறகு பேட்டாப் பக்கத்தைத் திருப்பினாள்.

"திரு. வாசெக், மூணு வருஷமும் ஒரே முகவரி எழுதியிருக்கீங்க. யார் வீடு அது?"

"இதுக்கு நான் எழுத்துல பதில்—" என்று நான் ஆரம்பித்தேன்.

"எங்கக்கா வீடு" என்று அவன் சொல்லிவிட்டான்.

"அங்க வாடகை, சாப்பாடு, கரண்ட்டு, ஏதாவது தர்றீங்களா?"

ஆரினின் வலது கை எழும்பி நெஞ்சுப் பைக்குப் போனது. பெருவிரல் அந்த மஞ்சள் விளிம்பின் மேல் நின்றது. எழுந்து போவேன் என்று வீராப்பாகச் சொன்னேனே, என் கால் எழும்ப மறுத்தது. இவன் எடுத்தால் இவன் கதை முடிந்தது. எடுக்காவிட்டால் லாரி போகிறது. அந்தம்மா பேனாவை வைத்துவிட்டு அவன் கையையே பார்த்தாள். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கை இறங்கியது, வெறுங்கையாக.

"இல்ல மேடம். கிறிஸ்துமஸுக்குப் பன்னித்தொடை ஒண்ணு வாங்கிட்டுப் போவேன். பெருசாத்தான் வாங்குவேன்."

"அப்போ உங்க வீடுன்னு நீங்க எதச் சொல்வீங்க?"

அவன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். "கீழ நிக்குது. நீலக் கலரு. சீக்கிரம் எடுக்கணும், நாலு பேரு எடத்த அடச்சு நிறுத்தியிருக்கேன்."

அந்தம்மா சிரிக்கவில்லை. நானும்தான். அவள் எழுதினாள், ரொம்ப நேரம் எழுதினாள். பிறகு சொன்னாள்: பேட்டா முழுக்கத் தள்ளுபடி, மூன்று வருஷமும். ஆனால் தினசரி ஓட்டத்தை எழுதும் லாக் புத்தகத்தில் ஒரு நாள்கூடக் கூட்டி எழுதவில்லை, கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொன்னார், தெரியாமல் செய்த தப்பு என்றே எழுதுகிறேன், அபராதம் வேண்டாமென்று மேலே சிபாரிசு செய்கிறேன் என்றாள். எல்லாம் கழித்து வரியும் வட்டியுமாகப் பதிமூவாயிரம் நின்றது. ஆறு வருஷத் தவணை கேட்டேன். மாசம் நூற்று எண்பது டாலர்.

கீழே வந்ததும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது.

"முட்டாள்! மொத வருஷமே என்கிட்ட வந்திருந்தா, அக்காகிட்ட நெஜமாவே ஒரு ரூம வாடகைக்கு எடுன்னு சொல்லியிருப்பேன். செக்கா குடு, ஊர்ப் பக்கமே ரெண்டு லோடு அடி, மாசத்துக்கு நாலு ராத்திரி அங்க படுன்னு சொல்லியிருப்பேன். ஒவ்வொரு பேட்டாவும் நேர்மையா நின்னிருக்கும். நானூத்தம்பது டாலருக்குப் பாத்து இப்ப பதிமூவாயிரம் கட்டுற!"

அவன் லாரிக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டான்.

"வந்திருந்தா மொதல்ல என்ன கேட்டிருப்ப, மாவிஸ்?"

"என்ன கேப்பேன்? எங்க தூங்குறன்னுதான் கேட்டிருப்பேன். எல்லாரையும் அதத்தான் மொதல்ல கேப்பேன்."

"தெரியும். கடையில எல்லாவனும் சொல்வானுங்க, அவ அதத்தான் மொதல்ல கேப்பான்னு." தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டான். "வரி ஃபாரம் நம்ம மூஞ்சியப் பாத்துக் கேக்காது. முகவரின்னு இருக்கும், எதையாவது எழுதிட்டுப் போயிடலாம். ஆறு வருஷம் ஒருத்தரும் கேக்காம ஓட்டிட்டேன். காசு ஒரு பொருட்டே இல்ல."

அவன் ஏறினான். லாரமிக்கு ஒரு லோடு இருக்கிறது, சாயங்காலத்துக்குள் பாதி தூரமாவது போக வேண்டும் என்றான். நாலு பேர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அந்த நீல லாரி வளைந்து, திரும்பி, போனது. காருக்குள் உட்கார்ந்து அழுதேன். அழுததில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில் லூவெல்லா போன் செய்தாள்.

"வண்டி?"

"தப்பிச்சுது. தவணை போட்டுட்டாங்க."

"கர்த்தரே! ரசீதக் குடுத்தானா?"

"இல்ல. நீ வாடகை வாங்கினதில்லன்னு உள்ளதச் சொல்லிட்டான்."

"லூசுப்பய." சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "வீடு எதுன்னு கேட்டிருப்பாங்களே? அதுக்கு என்ன சொன்னான்?"

ஓமஹாவில் அந்த அதிகாரி முன்னால் ஒரு பொய்யும் சொல்லாமல் வெளியே வந்தவள் நான்.

"உன் வீட்டத்தான் சொன்னான்" என்றேன்.