கண்ணுக்கு உசிரு வந்த கிழமை

லெப்பில் எனக்குக் கையைவிட வாய் வேகம் என்று பெயர். பொய்யில்லை. அந்த வாய் செய்த வேலை ஒன்றை எழுதிவைக்கிறேன், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கல்முனைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி லெப்பில் இரத்தம் சோதிக்கிற வேலை எனக்கு. ஒருநாள் மருதமுனை நெசவாளி அகமதுலெப்பைக் காக்கா வந்தார்; அண்ணனை அங்கே காக்கா என்போம். அவருக்கு ஒரு கண் சிறு வயதிலேயே போய்விட்டது. மற்றக் கண்ணில், கருவிழிக்கு முன்னால் இருக்கிற கண்ணாடிச் சவ்வில் புண் வந்து வெள்ளை விழுந்திருந்தது. நூல் தெரியாமல் தறியை விட்டிருந்தார். இறந்த ஒருவரின் சவ்வை எடுத்துக் கொழும்பில் இவருக்குத் தைக்க ஏற்பாடு; அதற்கு முன் இரத்தம் பார்க்க வந்திருந்தார்.

வெள்ளை டைல் துண்டில் இரண்டு துளி இரத்தம் வைத்து, குரூப்பைக் காட்டுகிற அன்டிசீரத்தை, ஒன்றுக்கு ஏ, மற்றதற்கு பி என்று விட்டு ஆட்டினேன். பி விட்ட பக்கம் மட்டும் மணல்போலத் திரிந்தது. பி குரூப்.

"மௌத்தான ஆள்ட ரத்தம் என்ன குரூப் தம்பி? எனக்குச் சேருமா?"

வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். எனக்குப் பொறுமை இல்லை.

"காக்கா, அந்தச் சவ்வுக்கு ரத்தமே போறதில்ல. ரத்தமில்லாத இடத்துல என்ன குரூப்? பயப்படாமப் போங்க."

"ரத்தம் போகாட்டி அது எப்பிடி உசிரோட இரிக்கும்?"

நான் டைலைக் கழுவப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து யார் கையையும் பிடிக்காமல் வந்தார். மருந்துப் போத்தலில் ஒட்டியிருந்த சிறிய எழுத்தை வாசித்துக் காட்டினார். நானே தைத்த மாதிரி எனக்குப் பெருமை.

பிறகு, கண்ணுக்கு விடுகிற ட்ரொப்ஸ் மருந்தை எடுக்கக் கிழமைதோறும் வருவதை நிறுத்திவிட்டார். ஒரு கிழமை போனது, இரண்டாவதும் போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். காக்கா தறியில் இருந்தார். என் குரல் கேட்டதும் சிரித்தபடி எழும்பி வந்தார்.

"இஞ்ச பாருங்க தம்பி! ரத்தம் வந்திட்டு! செத்த தோலுக்கு உசிரு வந்திட்டு! இனி மருந்து என்னத்துக்கு?"

கண் செக்கச்செவேலென்று கிடந்தது. ஓரத்திலிருந்து சிவப்புக் கோடுகள் சவ்வுக்குள் ஏறியிருந்தன. உடம்பு அந்தச் சவ்வை வேண்டாம் என்று தள்ளுகிற அடையாளம் அது.

"எத்தின நாளா?"

"ரெண்டு கிழமையா. கொஞ்சம் மங்கலா இரிக்கி. உசிரு வரக்குள்ள அப்பிடித்தானே?"

சைக்கிளில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் அடுத்த ரயில் கோச்சியில் கொழும்புக்கு அனுப்பினார். பிந்திவிட்டது. சவ்வு முழுவதும் பால்போல் வெளுத்துப்போனது.

குரூப் பார்க்காமல் தைத்ததுதான் காரணமா என்று டொக்டரைக் கேட்டேன். "ஆருக்குத் தெரியும்" என்றார். பிற்காலத்தில் படித்தவர்கள், குரூப் பார்க்க வேண்டும், வேண்டியதில்லை என்று இரண்டு விதமாகவும் சொல்லக் கேட்டேன்.

காக்காவின் வீட்டுக்குப் போய், "என்ட பிழைதான் காக்கா" என்றேன்.

"நீங்க பொய் சொல்லல்ல தம்பி. ரத்தம் போறதில்லண்டு சொன்னீங்க. போனாக் கூடாதுண்டு சொல்லல்ல."

அவர் கோபித்திருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

லெப்புக்கு வருகிறவர்களே, வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் இருக்கட்டும். அவர்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு டைலைக் கழுவுங்கள்.