அத்தையின் தொட்டி நின்ற இடம்

எங்கள் தெருவில் அத்தையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கஞ்சியக்கா என்றால்தான் தெரியும். அவர் துவைத்துக் கஞ்சி போட்ட சட்டை ஆள் இல்லாமலேயே நிற்கும் என்பார்கள். வீட்டுக்கு முற்றம் கிடையாது. துவைக்கும் கல்லும் கொடிகளும் மொட்டைமாடியில், தண்ணீர் தெருக்குழாயில். இரண்டுக்கும் நடுவே அத்தையின் இடுப்பும் ஒரு குடமும்.

முழங்கால் வீங்கியபின், சுமையோடு படியேறவே கூடாது என்றார் டாக்டர். மாடிக்குத் தண்ணீர் வராவிட்டால் தொழிலை விட வேண்டியதுதான். படிக்கட்டு அறையின் கூரை மாடியைவிட உயரம். அதில் விழும் மழையைக் குழாய் வழியே தொட்டியில் பிடிக்கலாம் என்பது அத்தையின் யோசனை. கோடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம்.

கறுப்புத் தொட்டி வந்து இறங்கியது, ஆயிரம் லிட்டர். மாமா கல்லுக்குப் பக்கத்தில், மாடியின் நடுவில், சாக்பீஸால் வட்டம் போட்டார். சும்மா போடவில்லை. கீழே நான் சுவரை ஒட்டிக் கூரையைக் கட்டையால் தட்ட, மேலே அவர் தளத்தில் காதை வைத்துக் கேட்டுச் சுவர் போகும் வழியைப் பிடித்திருந்தோம். தொட்டி சரியாகச் சுவரின்மேல் உட்காரும் என்று இருவருக்கும் பெருமை.

தொட்டி வைக்க வந்த மேஸ்திரி கீழே போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இது வீட்டோட கட்டினதா, பின்னால எழுப்பினதா?"

வீட்டோடுதான் என்றார் மாமா. எல்லாச் சுவருக்கும் ஒரே வெள்ளை. எங்களுக்கு மறந்தே போயிருந்தது. அத்தை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மாமாவைக் கைகாட்டி மேஸ்திரியிடம் சொன்னார்.

"இவ படிக்கறதுக்காகத் தடுத்தது, தம்பி. உங்க அண்ணன் பேசற பேச்சு அந்தப் பக்கம் கேக்கக் கூடாதுன்னு."

"இப்பவும் கேக்குது," என்றேன்.

"பாஸாயிட்டல்ல?" என்றார் மாமா.

அது வெறும் தடுப்பு, பாரம் தாங்காது என்றார் மேஸ்திரி. படிக்கட்டு அறையின் சுவரும் வெளிச்சுவரும்தான் அஸ்திவாரத்திலிருந்து எழுந்தவை. அந்த மூலையில் இரண்டின்மேலும் இரும்பு உத்திரங்களைப் போட்டு, தொட்டியின் அடி முழுக்கப் படியும்படி கல் பலகை பரப்பினால், பாரம் தளத்துக்கு வராமல் சுவர்களுக்கு இறங்கிவிடும். காலித் தொட்டியைக் காற்று தள்ளாதபடி கட்ட வேண்டும். வழிகிற நீர் தளத்தில் தேங்காமல் வெளியேற ஒரு குழாயும் வேண்டும். துவைக்கும் கல் தூரமாகிவிடுமே என்று மாமா முனகினார்.

"அப்படி என்னதான் கனம் இருக்கும்?" என்றார் அத்தை.

லிட்டருக்கு ஒரு கிலோ, நிரம்பினால் ஒரு டன் என்றேன். மாடியில் ஒரு கார் ஏறி நிற்கிற மாதிரி.

அத்தை அதை மனதுக்குள் குடங்களாக மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

"அவ்வளவுதானா? எனக்கு ரெண்டு மூணு நாள் தண்ணிடி அது."

மேஸ்திரி கையிலிருந்த அளவு நாடாவை மடக்காமலே நின்றார். கான்கிரீட்டுக்காக நாங்கள் இவ்வளவு யோசித்தோம். அந்தக் கார் இத்தனை வருடமாகக் குடம் குடமாக ஒரு இடுப்பில் படியேறிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிய உத்திரம் எது?

தொட்டியை மூலையில்தான் வைத்தோம். முதல் பெருமழையன்று அந்த மூலைக்குக் கீழே அத்தை யாரையும் நிற்க விடவில்லை. தான் மட்டும் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி நிரம்பி, வழிகுழாய் தெருவில் கொட்டத் தொடங்கியது. கூரையில் ஒரு கீறல் இல்லை.

மழை விட்டதும் மேலே போனோம். அத்தை குழாயைத் திறந்து, கல்லுக்குப் பக்கத்தில் இருந்த வாளிக்குள் ரப்பர் டியூப்பை விட்டார். வாளி நிரம்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். குடம் இல்லாத இடுப்பு, பழக்கத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது.